உங்களுக்குத் தெரியுமா? வியாபாரிகள் ஆளுநரான கதை

◆ பிரான்சில் 'காட்' (வதிவிட அட்டை) புதுப்பிக்கப் பொபினி பிரிபெக்சர் வாசலில் கால்கடுக்க நின்ற பியர்ஃபித் தமிழருக்கு, பிரிஃபே யாரென்று விளக்கத் தேவையில்லை. யாரும் வாக்குப் போட்டு வந்தவர் அல்ல. பிரெஞ்சு ஜனாதிபதியின் ஆணையில் வருபவர். 1800இல் நெப்போலியன் உண்டாக்கிய பதவி. இந்திய மாநில ஆளுநரும் நியமனத்தில் வருபவர்தான். வயது 35 நிறைந்த இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும்.

◆ திருப்பூர் சி.பி.ராதாகிருஷ்ணனை 'ஆடை வியாபாரத்திலிருந்து ஆளுநரானவர்' என்பார்கள். பாதிதான் சரி. 16 வயதில் ஆர்.எஸ்.எஸ்., 1974இல் ஜனசங்க மாநிலச் செயற்குழு. வியாபாரி அரசியலுக்கு வந்தார் என்பதைவிட, அரசியல்காரர் வியாபாரமும் செய்தார் என்பதே பொருத்தம்.

◆ கோயம்புத்தூரில் 1998, 1999 இரண்டிலும் வென்றார். 2004, 2014, 2019 மூன்றிலும் தோற்றார். இடையில் பா.ஜ.க.வின் மாநிலத் தலைவர், 93 நாள் ரத யாத்திரை, பிறகு கயிறு வாரியத் தலைவர். கோவை மூன்று முறை கைவிரித்தவருக்கு 2023 பிப்ரவரியில் ஜார்க்கண்ட் ஆளுநராக ராஞ்சி ராஜ்பவன் திறந்தது. அதற்கு ஒரு வாக்கும் தேவைப்படவில்லை!

◆ ஆளுநர் வேலை திறப்பு விழாவும் தேநீர் விருந்தும் மட்டும்தானா? 2024 ஜனவரி 31 இரவு, ஜார்க்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன் ராஜினாமாக் கடிதத்தை ராதாகிருஷ்ணனிடம் கொடுத்தார். உடனே அமலாக்கத்துறை கைது செய்தது. பெரும்பான்மை இருக்கிறது என்று சம்பாய் சோரன் அன்றே உரிமை கோரினார். அழைப்பு வந்தது மறுநாள் இரவுதான். பதவியேற்பு பிப்ரவரி 2இல். ஒரு மாநிலத்தைக் காக்க வைக்க ஆளுநர் எதுவும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும்.

◆ 2024 மார்ச்சில் தமிழிசை சௌந்தரராஜன் தேர்தலில் நிற்க விலகியதும், தெலங்கானாவும் புதுச்சேரியும் கூடுதல் பொறுப்பாக ராதாகிருஷ்ணனிடமே வந்தன. ஒரே ஆள், மூன்று மாளிகை. ஒருவரே பல மாநிலங்களுக்கு ஆளுநராக இருக்கலாம் என்று 1956 முதல் அரசியலமைப்பே சொல்கிறது.

◆ புதுச்சேரிக்கு வியாபாரி ஆள்வது புதிதல்ல. அங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை 1674இல் நிறுவிய பிரான்சுவா மார்த்தேன் பாரிசில் பிறந்தவர். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். 1742இல் ஆளுநரான துப்ளேக்ஸ், அதற்குமுன் சந்திரநாகூரில் சொந்த வணிகத்திலும் பெரும்பணம் பார்த்தவர். போருக்குக் கைக்காசைப் போட்டேன் என்று கம்பெனியோடு வழக்காடியே 1763இல் பாரிசில் நொடித்துப்போய் இறந்தார். இன்று மெட்ரோ 6ஆம் இலக்கத் தடத்தில் ஒரு நிலையத்துக்கு அவர் பெயர்.

◆ நம் ஊர்ப் பக்கம்? இலங்கையின் மேல் மாகாண ஆளுநராக 2024 செப்டம்பரில் நியமனமான ஹனிஃப் யூசுப், எக்ஸ்போலங்கா நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர்.

◆ அமெரிக்காவில் ஆளுநர் பதவிக்குத் தேர்தலில் வெல்ல வேண்டும். ஹயாத் ஹோட்டல் குடும்பத்து ஜே.பி.பிரிட்ஸ்கர், 2018இல் இலினாய்சைப் பிடிக்கச் சொந்தப் பணம் 17 கோடி டாலருக்கு மேல் இறைத்தார்.

◆ ராதாகிருஷ்ணன் 2024 ஜூலையில் மகாராஷ்டிர ஆளுநர். 2025 செப்டம்பரில் 452 வாக்குகள் பெற்றுக் குடியரசுத் துணைத் தலைவர். ஆனால் துணைத் தலைவர் பதவிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது! மாதம் 4 லட்சம் ரூபாய் வருவது மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில்தான்.