தங்கம் அடகுக்குப் போன வருஷம்

1991-ல் சித்தூரில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளில் அடகு வைத்தது. ரூபாயின் மதிப்பை மூன்றே நாளில் இரண்டு முறை குறைத்தார்கள். “அரசாங்கமே அடகுக்கடைக்குப் போகுது, உனக்கு எவன்டா வேலை போட்டுத் தருவான்?” என்றார் அப்பா. வேறு வழியில்லாமல் வேலூர் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் கையாளாகச் சேர்ந்தேன்.

காலையில் முதல் வேலை, பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது. சார்ஜ் ஏறும்போது உள்ளேயிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து போய்விடும். ஊற்றாவிட்டால் பிளேட் காய்ந்து பேட்டரி செத்துப்போகும். ஆசிட் பட்டுப் பட்டு என் சட்டையெல்லாம் சல்லடை.

அப்போது கிராமம் கிராமமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்துகொண்டிருந்தது. அங்கெல்லாம் இருக்கும் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்க முடியுமா? இதற்கு விடை திருப்பதிக்குப் பக்கத்தில், கரகம்பாடியில் தயாரானது. சித்தூர் மாவட்டம் பேட்டமிட்டாவைச் சேர்ந்த கல்லா ராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் மின்நிலையப் பொறியாளராக இருந்துவிட்டுத் திரும்பி, 1985-ல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1990-களின் தொடக்கத்தில் அங்கே மூடிய பேட்டரி செய்ய ஆரம்பித்தார்கள். அதில் ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும். பிரியும் ஆக்ஸிஜன் உள்ளேயே மறுபடி தண்ணீராகிவிடும். அழுத்தம் மிஞ்சினால் மட்டும் வால்வு திறக்கும். ரூபாய் சரிந்து இறக்குமதிச் சரக்கின் விலை ஏறியிருந்த சமயம். உள்ளூரில் செய்கிறவனுக்கு அது நல்ல நேரம்தான். 1997-ல் அமெரிக்காவின் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் கூட்டுச் சேர்ந்தது. 2000-ல் அவர்களுடைய அமரான் கார் பேட்டரி கடைக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நாயுடு வெறுங்கையோடு வந்தவரல்ல. மாமனார் ராஜகோபால் நாயுடு சித்தூர் எம்.பி.யாக இருந்தவர். நமக்கு அந்த வசதி கிடையாது.

எனக்குக் கைகொடுத்தது மாங்கூழ் ஆலைகள்தான். சீசனில் கரண்ட் போனால் பேட்டரியின் தயவில் ஜெனரேட்டர் உடனே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் பழம் அழுகும். கையில் காசில்லாத காலத்தில் யாரும் புதுசு வாங்குவதில்லை, பழசைத்தான் பழுது பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பழுது வேலையில் சேர்த்த பணத்தில்தான் சொந்தக் கடை போட்டேன்.

இந்த வருஷம் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளே, வேலை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் எது நின்றுபோனால் யாருக்கு நஷ்டம் என்று நாலு பட்டறை ஏறி விசாரியுங்கள். சம்பளம் குறைவென்றாலும் அதைச் சரிசெய்யும் பட்டறையில் சேருங்கள்.