ஆய்வுப் பணிக்கு எந்தக் குணம் கைகொடுக்கும்?

ஆசிரியர்களே, பள்ளி வேலையோடு பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறீர்களா? உங்களோடு பதிந்தவர் இரண்டு கட்டுரை வெளியிட்டிருப்பார். நீங்கள் இன்னும் இரண்டாம் இயலிலேயே நிற்பீர்கள். உடனே, ‘நமக்கு அவ்வளவுதான் மூளை’ என்று முடிவு கட்டிடாதீங்க. இதில் குணத்துக்கும் பங்கு உண்டு.

உளவியலாளர்கள் ஆளுமையை ஐந்து பெருங்கூறுகளாகப் பிரிக்கிறார்கள். ஆய்வு மாணவருக்கு அவை எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

1. பொறுப்புணர்வு: திட்டமிடுவது, எடுத்த வேலையை முடிப்பது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பேரிக், மவுண்ட் இருவரும் எல்லா வகைத் தொழிலிலும் இக்குணம் வேலைத்திறனோடு தொடர்புடையது என 1991இல் காட்டினர். படிப்பிலும் இதற்குப் பங்குண்டு. அந்தப் பங்கு பெரும்பாலும் அறிவுத்திறனைச் சாராதது என்பது 2009இல் போரோபாட் கண்ட முடிவு.

2. புதுமை நாட்டம்: நல்ல ஆய்வுக் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கும். ஆனால், மாதம் ஒரு தலைப்பு மாற்றினால் ஆய்வேடு நகராது.

3. மனக்கலக்கம்: ‘இன்னும் சரியா வரல’ என்ற பயத்தில் வரைவை மேற்பார்வையாளரிடம் காட்டாமலே வைத்திருப்போம்.

4. கலகலப்பு: கருத்தரங்கில் நாலு பேரைத் தெரிந்துகொள்ள உதவும். எழுதும்போது தனியாகத்தான் உட்கார வேண்டும்.

5. இணக்கம்: கூட்டாய்வுக்கு நல்லது. பள்ளியில் எந்த வேலை வந்தாலும் ‘சரி, நான் பார்க்கிறேன்’ என்பவருக்கு ஆய்வுக்கு நேரம் மிஞ்சாது.

இவை பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிப் போக்குகள். யாருடைய தலையெழுத்தும் அல்ல. குணம் மெதுவாகத்தான் மாறும். பழக்கத்தை இந்த வாரமே மாற்றலாம்.

‘பள்ளி விடுமுறை வரட்டும், மொத்தமா எழுதிடலாம்’ என்பது நம் எல்லாருக்கும் பழக்கமான பேச்சு. பேராசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தை ஆராய்ந்த ராபர்ட் பாய்ஸ் கண்டது வேறு: மொத்தமாக எழுதக் காத்திருப்பவரைவிடத் தினமும் கொஞ்சம் எழுதுபவரே அதிகம் எழுதி முடிக்கிறார்.

ஆகவே, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எழுதிய சொற்களைக் குறித்து வையுங்கள். மேற்பார்வையாளரைச் சந்திக்கும் தேதியை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தத் தேதிக்கு வரைவு எந்த நிலையில் இருக்கிறதோ, அப்படியே கொடுத்திடுங்க. ஒழுங்கு நம் இயல்பில் குறைவாக இருந்தாலும் கால அட்டவணையில் இருந்தால் போதும். அட்டவணை போடுவது ஆசிரியர்களுக்குப் புதிதா என்ன?