சனிக்கிழமை ராத்திரி 8.30 மேட்சும், காலியாகுற சின்ன கிரவுண்டும்

ஜனவரி மாசத்துல ஒரு சனிக்கிழமை, ராத்திரி 8.30 மணி. எங்க கருக்களாச்சேரியில கடற்கரைப் பக்கம் போனீங்கன்னா, நாலு பசங்க ஒரே போனைச் சுத்தி உட்கார்ந்து பிரீமியர் லீக் மேட்ச் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அந்த மேட்ச் இங்கிலாந்துல மதியம் 3 மணிக்கு நடக்குது. ஆனா இங்கிலாந்துல இருக்குறவர் அதை வீட்டு டிவியில லைவ்வா பார்க்க முடியாது!

அங்க சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரைக்கும் ஃபுட்பால் மேட்சை நேரடியா ஒளிபரப்பக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. 1960-கள்ல பர்ன்லி கிளப் தலைவரா இருந்த பாப் லார்ட் பிடிவாதமா நின்னு கொண்டு வந்தது. அவரோட வாதம் ரொம்ப சிம்பிள்: பெரிய டீம் மேட்ச் டிவியில ஓடினா, பக்கத்துத் தெரு கிளப்போட மேட்சுக்கு யாரு டிக்கெட் எடுப்பா?

நம்ம ஊர்ல அந்தத் தடை கிடையாது. இங்கிலாந்து மேட்ச் 8.30-க்கு, ஐ.எஸ்.எல். மேட்ச் பெரும்பாலும் 7.30-க்கு. நம்ம ஊர்ல லைட் போட்டு டோர்னமென்ட் நடக்குற நேரமும் அதேதான்.

"சார், பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற இடத்துல எதுக்கு ஃபுட்பால்?"னு நீங்க கேட்கலாம். ஒரு சின்ன கிளப்போட வரவு செலவையும் உங்க சம்பள ஸ்லிப்பையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

கூட்டம் 30% குறைஞ்சா லாபம் எவ்வளவு குறையும்?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு மேட்சுக்கு 500 பேர் வர்றாங்க, டிக்கெட் 50 ரூபாய். வரவு 25,000. கிரவுண்ட் வாடகை, லைட், ரெஃப்ரி, பசங்களுக்கு வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து செலவு 20,000. மிச்சம் 5,000.

அன்னைக்கு டிவியில பெரிய மேட்ச். 150 பேர் வரலை. 350 பேர், வரவு 17,500. ஆனா செலவு அதே 20,000-தான். ரெஃப்ரி "கூட்டம் கம்மி, பாதி போதும்"னு சொல்ல மாட்டாரு. லாபம் 5,000 போய், நஷ்டம் 2,500. கூட்டம் குறைஞ்சது 30%. லாபம் குறைஞ்சது 150%. நிலையான செலவு அதிகமா இருக்குற எந்தத் தொழிலுக்கும் இதுதான் ஆபத்து. EMI-ன்னு நாம சொல்றோமே, அதுவும் நிலையான செலவுதான்.

நம்ம டெல்டா பக்கம் பல டோர்னமென்ட்டுக்கு டிக்கெட்டே கிடையாது. டீம்களோட என்ட்ரி ஃபீஸ், ஊர் நன்கொடை, நோட்டீஸ்ல போடுற கடை விளம்பரம், இவ்வளவுதான் வருமானம். "அப்போ கூட்டம் வரலைன்னா நஷ்டம் இல்லையே"ன்னு நினைக்காதீங்க. ஜவுளிக்கடைக்காரர் விளம்பரம் கொடுக்குறதே கூட்டத்தைப் பார்த்துத்தான். இந்த வருஷம் கூட்டம் வரலைன்னா, அடுத்த வருஷம் நோட்டீஸ்ல அவர் பேர் இருக்காது.

இது வெறும் யூகம் இல்லை. ஃபாரஸ்ட், சிம்மன்ஸ்ன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல இங்கிலாந்துக் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. வார நாள்ல சாம்பியன்ஸ் லீக் மேட்ச் டிவியில இருந்தா, அன்னைக்கு நடக்குற கீழ்நிலை லீக் மேட்ச்களுக்குக் கூட்டம் குறையுதுன்னு அதுல தெரிஞ்சது.

டிவி பணம் கிடைச்சா போதுமா?

சரி, கூட்டம் போனா போகட்டும், டிவிக்காரங்களே சின்ன கிளப்புக்கும் காசு கொடுத்துட்டா? அதையும் இங்கிலாந்து பார்த்துடுச்சு. பிரீமியர் லீக்குக்குக் கீழ இருக்குற 72 கிளப்களுக்கு, ஐடிவி டிஜிட்டல்ன்னு ஒரு நிறுவனம் மூணு வருஷத்துக்கு 315 மில்லியன் பவுண்ட் தர்றதா ஒப்பந்தம் போட்டுச்சு. அந்தக் காசை நம்பி கிளப்கள் பெரிய சம்பளத்துக்கு ஆட்களை எடுத்தாங்க. 2002-ல நிறுவனம் விழுந்துச்சு. வராம போனது 178.5 மில்லியன்.

அதைவிடப் பெரிய அடி கோர்ட்ல. கார்ல்டன், கிரானடாங்கிற தாய் நிறுவனங்கள் பாக்கியைக் கட்டணும்னு கேஸ் போட்டாங்க. முறையான உத்தரவாதம் வாங்கி வைக்கலைன்னு கேஸ் தோத்துப்போச்சு. ஆடிட்டர்ங்கிற முறையில சொல்றேன், "பெரிய கம்பெனிதானே, பார்த்துக்குவாங்க"ங்கிறது எந்தக் கோர்ட்லயும் செல்லாது. பேப்பர்ல கையெழுத்து இருக்கணும்.

கோயம்புத்தூர்ல நடந்தது

இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி எஃப்.சி., மினெர்வா பஞ்சாபை 3-1ன்னு ஜெயிச்சு ஐ-லீக் சாம்பியன் ஆச்சு. ஈஸ்ட் பெங்கால் மாதிரி ஜாம்பவானை ஒரே ஒரு பாயின்ட்ல பின்னுக்குத் தள்ளினாங்க.

ஆனா 2014-ல ஐ.எஸ்.எல். வந்ததுல இருந்தே டிவி வெளிச்சம், ஸ்பான்சர் எல்லாம் அந்தப் பக்கம். சென்னை சிட்டி ஜெயிச்ச அதே சீசன்ல, ஐ-லீக் மேட்ச்கள்ல டிவியில காட்டுறதையே நடுவுல குறைச்சாங்க. அப்போ ஐ-லீக் ஜெயிச்சா ஐ.எஸ்.எல்.லுக்குப் போற வழியும் இல்லை. அப்ரைசல்ல முதலிடம், ஆனா புரமோஷன் கிடையாது. அப்புறம் கொரோனா, 2021 சீசன் முழுக்க மேற்கு வங்கத்துல, ஆடியன்ஸ் இல்லாம. 2021-22 ஐ-லீக்ல சென்னை சிட்டி இல்லவே இல்லை.

டிவி மட்டுமே காரணம்னு சொன்னா அது தப்பான ஆடிட். ஆனா இதையும் கவனிங்க: அன்னைக்குத் தோத்த மினெர்வா, புது முதலாளி கையில பஞ்சாப் எஃப்.சி. ஆகி, 2022-23-ல ஐ-லீக் ஜெயிச்சு, ஐ.எஸ்.எல்.லுக்குள்ள போயிடுச்சு. அடி வாங்குறப்போ தாங்க பணம் இருந்தவங்க நின்னாங்க.

பெரியவங்களும் தப்பிக்கலை

ஐ.எஸ்.எல். பக்கம் எல்லாம் சுபமா? 2010-ல அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம் தன்னோட வணிக உரிமையை 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஒரே தரப்புக்குக் கொடுத்துச்சு. அது 2025 டிசம்பர்ல முடிஞ்சுது. புதுப்பிக்கிறது இழுத்துக்கிட்டே போச்சு. 2025 ஜூலைல சீசனையே நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்.சி. வீரர்கள், ஊழியர்களோட சம்பளத்தை நிறுத்தி வெச்சுச்சு. சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாட்டை நிறுத்துச்சு. அப்புறம் உரிமைக்கு டெண்டர் விட்டாங்க, ஒருத்தர்கூடக் கேட்கலை. டிவியில பளபளன்னு தெரிஞ்ச லீக்லயே சம்பளம் ஒரு கையெழுத்துலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

இனி உங்க கணக்கு

ஒண்ணு: உங்க நிலையான செலவைக் கூட்டுங்க. வாடகை, EMI, இன்சூரன்ஸ், வீட்டுக்கு அனுப்புற பணம். அதுல ஆறு மாசத் தொகையை FD-யிலயோ லிக்விட் ஃபண்டுலயோ தனியா வைங்க. ஷேர்ல வேண்டாம்.

ரெண்டு: இன்னும் கைக்கு வராத போனஸை நம்பி EMI போடாதீங்க. ஐடிவி டிஜிட்டல் காசை நம்பி ஆள் எடுத்த கிளப்களை நினைச்சுக்கோங்க.

மூணு: மாசம் ஒரு 200 ரூபாய் உங்க ஊர் ஆட்டத்துக்குன்னு ஒதுக்குங்க. இதுக்கு ரிட்டர்ன் கிடையாது, 80C-யும் கிடையாது. ஆனா மேல போட்ட கணக்குல வராம போன 150 பேர்ல நீங்க ஒருத்தரா இருக்க மாட்டீங்க. பிரீமியர் லீக்குக்கு உங்க ஒரு வியூ கணக்குலயே வராது. ஊர் டோர்னமென்ட்டுக்கு நீங்க வந்து நிக்கிறது நோட்டீஸ்ல ஒரு விளம்பரம்.

அந்த 8.30 மேட்சோட ஹைலைட்ஸ் ராத்திரியே வந்துடும். நம்ம பசங்க ஆட்டத்துக்கு ஹைலைட்ஸ் கிடையாது. நேர்லதான் போய்ப் பார்க்கணும்.