கொப்பரையில் நின்றுபோன பாகு

போன மாதம் வந்த கடிதம் ஒன்று இன்னும் என் மேசைமேலேயே இருக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர். "காய்ச்சல் விட்டு ஆறு வாரம் ஆகிறது. பேப்பரில் ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லையாம். 'மனசைத் தளரவிடாதேம்மா' என்கிறான் மகன். இது மனசா, உடம்பா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் டிரிப்டோஃபானைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

பால், முட்டை, பருப்பு வழியாக நமக்குக் கிடைக்கும் அமினோ அமிலம் அது. அதிலிருந்து செரோடோனின் உண்டாகிறது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் செரோடோனினுக்குப் போவது துளியளவுதான். உடல் சிதைக்கும் டிரிப்டோஃபானில் ஏறக்குறைய 95 விழுக்காடு கைனுரெனின் என்கிற வேறு பாதையில் போகிறது. அந்தப் பெயருக்குள் ஒரு நாய் இருக்கிறது. 1853இல் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் நாயின் சிறுநீரில் ஓர் அமிலத்தைக் கண்டார். நாய், சிறுநீர் இரண்டுக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குக் கைனுரெனிக் அமிலம் என்று பெயர் வந்தது.

இந்தப் பாதை போய்ச் சேரும் இடம் நல்ல இடம்தான். ஒவ்வொரு செல்லும் ஆற்றலுக்கு நம்பியிருக்கும் என்ஏடி என்ற பொருள் அங்கே உருவாகிறது. அதற்குச் சற்று முன்னால் வரும் நிலைதான் குயினோலினிக் அமிலம். அப்பா கரும்பாலை வைத்திருந்த காலத்தில் நான் பார்த்தது நினைவுக்கு வருகிறது. கொப்பரையில் பாகு பதம் வந்ததும் நாலு பேர் சேர்ந்து இறக்கி மரத்தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். தொட்டியில் பழைய வெல்லம் அள்ளாமல் கிடந்தால் பாகு கொப்பரையிலேயே நின்று அடிபிடிக்கும். கருகிய வாடை தெருமுனை வரை வரும். பாகில் ஒரு குற்றமும் இல்லை. அடுத்த வேலை முடங்கியதுதான் குற்றம்.

உடலில் கிருமி நுழைந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. அது இந்தப் பாதையின் முதல் நொதியை முடுக்கிவிடுகிறது. மூளையின் காவலணுக்களான மைக்ரோகிளியா குயினோலினிக் அமிலத்தைத் தயாரிக்கும் வேகத்துக்கு, அதை என்ஏடியாக மாற்றும் நொதியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அமிலம் தேங்குகிறது. நரம்பணுவின்மேல், நினைவுக்கும் கற்றலுக்கும் உதவுகிற என்எம்டிஏ என்ற கதவு இருக்கிறது. தேங்கிய அமிலம் அதைத் திறந்தே வைத்திருக்கும். கால்சியம் வெள்ளமாகப் புகுந்து அணு நலியும். 1983இல் பால்டிமோரில் ராபர்ட் ஷ்வார்ட்ஸ் குழுவினர் எலியின் மூளைக்குள் குயினோலினிக் அமிலத்தைச் செலுத்தியபோது, ஹன்டிங்டன் நோயில் காணும் சிதைவைப் போன்ற சிதைவு உண்டானது. எய்ட்ஸ் நோயாளிகளில் நினைவு தடுமாறியவர்களின் மூளைத் தண்டுவட நீரிலும் இந்த அமிலம் மிகுந்திருந்தது.

இனி, ஆசிரியையின் மகன் படிக்க வேண்டிய பகுதி. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போடுவார்கள். ஊசி தொடங்கிய சில வாரங்களில், அதுவரை நன்றாக இருந்த பலருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. தண்டுவட நீரைச் சோதித்தார்கள். கைனுரெனினும் குயினோலினிக் அமிலமும் ஏறியிருந்தன. அந்த மனிதர்கள் மனசைத் தளரவிடவில்லை. அவர்கள் உடம்பில் ஏறியது ஒரு மருந்து.

என்னை மிகவும் கட்டிப்போட்டது இந்தக் கதையின் இன்னொரு கிளை. அதே கைனுரெனினிலிருந்து லீபிக்கின் அமிலமும் பிறக்கிறது. குயினோலினிக் திறக்கும் கதவை இது அடைக்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும். எந்தப் பிள்ளை கூடுதல் என்பதில் கால் தசைக்கும் பங்கு உண்டு என்று 2014இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் காட்டினார்கள். உடற்பயிற்சியில் பழகிய தசை, ரத்தத்தில் ஓடும் கைனுரெனினைப் பிடித்துக் கைனுரெனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. கைனுரெனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையும். மாறிய பிறகு நுழைவது கடினம். இப்படி மாற்றும் திறன் கூடிய தசையுள்ள எலிகளையும் சாதாரண எலிகளையும் ஐந்து வாரம் தொல்லைக்கு உள்ளாக்கினார்கள். சாதாரண எலிகள் துவண்டுபோயின, மற்றவை தாக்குப்பிடித்தன. தொடையும் கெண்டைக்காலும் மூளைக்காக ரத்தத்தை வடிகட்டிக் கொடுக்கின்றன என்றால், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது சின்னச் செய்தியா?

இதைப் படித்துவிட்டு யாரும் டிரிப்டோஃபான் மாத்திரை தேடிப் போக வேண்டாம். 1989இல் அமெரிக்காவில் தூக்கத்துக்கும் மன நலத்துக்கும் என்று அந்த மாத்திரையை விழுங்கியவர்களில் 1,500க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியில் விழுந்தார்கள், சிலர் இறந்தும்போனார்கள். தயாரிப்பில் கலந்த மாசுதான் காரணம் என்று பின்னர் கருதப்பட்டது. இன்றும் மூளைக்கு என்று சொல்லி விற்கும் டப்பாக்களை வாங்கி வருகிறோம். வீட்டில் ஒருவர் சோர்ந்து கிடந்தால் பக்கத்தில் உட்கார நேரமில்லை என்கிறோம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

டீச்சர், உங்கள் சோர்வுக்கு இந்த அமிலத் தேக்கம்தான் காரணம் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. தைராய்டு உட்பட மற்றதையும் மருத்துவர் பார்க்கட்டும். நடங்கள், ஆனால் மூச்சு வாங்கும்படி வேண்டாம். தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். மறுநாள் அலுப்புக் கூடினால் பாதி தூரத்தோடு திரும்பிவிடுங்கள். முடிந்தால் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.