கைக்கடிகாரத்தை யாரை நம்பிக் கொடுப்பது?

என் தந்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். பினாங்கிலிருந்து 1966-இல் ஊர் திரும்பிய என் பெரியப்பா, தம்பிக்கென்று கொண்டுவந்தது ஓர் ஒமேகா கைக்கடிகாரம். காலையில் நாளிதழைப் பிரிப்பதற்கு முன்பு அதற்குச் சாவி கொடுப்பது தந்தையின் வழக்கம். அவருக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. அதை யாரிடம் கொடுத்துப் பராமரிப்பது என்ற கேள்வி, முப்பத்தோராண்டுகள் வகுப்பறையில் நான் நடத்திய பொருளாதாரப் பாடத்தை எனக்கே மீண்டும் கற்பித்தது.

மூன்றாண்டுகளுக்கு முன்பு கடிகாரம் அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. நகரில் குளிரூட்டப்பட்ட, விளக்குகள் ஒளிரும் ஒரு கடையில் கொடுத்தேன். 'முழு சர்வீஸ்' என்று கூறி 9,000 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாள்களில் புதிதுபோல் மின்னிக்கொண்டு திரும்பி வந்தது. மகிழ்ச்சியுடன் அணிந்துகொண்டேன். எட்டு மாதங்கள் கழித்து அது நாளொன்றுக்குப் பத்து நிமிடம் முந்திச் செல்லத் தொடங்கியது.

இம்முறை அம்பத்தூர் ஓ.டி. பகுதியில், ஒரு மருந்துக் கடையின் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் கடிகாரத்தைத் திறக்கவில்லை. சிறிய திசைகாட்டி ஒன்றை அதன் அருகே கொண்டுபோனார். திசைகாட்டியின் முள் ஆடியது. "இது ரிப்பேர் இல்ல சார், காந்தம் ஏறியிருக்கு. ஸ்பீக்கர் பக்கத்துல வைப்பீங்களா?" என்று கேட்டார். வானொலிப் பெட்டியின் மேல்தான் அதை இரவில் வைப்பது என் பழக்கம். காந்தம் நீக்கும் கருவியில் ஒரு முறை காட்டி எடுத்தார். வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. கூலி 50 ரூபாய்.

அன்று அவர் 'முழு சர்வீஸ் செய்ய வேண்டும்' என்று சொல்லியிருந்தால், நான் மறுபேச்சின்றி இன்னொரு 9,000 ரூபாய் கொடுத்திருப்பேன். கடிகாரமும் சரியாக ஓடியிருக்கும். நான் ஏமாந்தேன் என்பது எனக்கு என்றைக்குமே தெரிந்திருக்காது. கடிகாரப் பழுதுபார்ப்பின் பொருளாதாரச் சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் அடங்கியிருக்கிறது.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளுக்கும் மட்டமான பொருளுக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். அதனால் நல்ல பொருள் வைத்திருப்பவர்கள் சந்தையைவிட்டு விலகுவார்கள் என்பது அதன் சாரம். முதலில் சில ஆய்விதழ்கள் நிராகரித்த அந்தக் கட்டுரையின் கருத்துகளுக்காகவே 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் இதை இன்னும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றனர். கத்தரிக்காயின் தரத்தை வாங்கும்போதே பார்த்துவிடலாம். உணவகத்தின் தரத்தைச் சாப்பிட்ட பிறகு அறியலாம். ஆனால் சில சேவைகளின் தரத்தைப் பயன்படுத்திய பிறகும் நம்மால் அறிய இயலாது. பழுதுபார்ப்பு அவற்றில் முதன்மையானது. நோய் என்னவென்று சொல்பவரும், மருந்து கொடுத்துக் கட்டணம் பெறுபவரும் ஒருவரே. இத்தகைய சேவைகளை 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்று நாம் தமிழில் அழைக்கலாம்.

கைக்கடிகாரம் இந்த இலக்கணத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்கள் பலவற்றில் உள்ளிருக்கும் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. அதாவது நொடிக்கு 5 முறை, ஆண்டுக்கு ஏறத்தாழ 15.8 கோடி முறை. இந்த ஓட்டத்தைத் தாங்குவது மாணிக்கக் கல் தாங்கிகளில் இடப்படும், ஊசிமுனையளவே ஆன எண்ணெய்த் துளிகள். சில ஆண்டுகளில் அந்த எண்ணெய் வறண்டு பிசினாகிவிடும். உண்மையான சர்வீஸ் என்பது கடிகாரத்தை முழுவதும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் கழுவி, தேய்மானம் பார்த்து, இடத்துக்கேற்ற எண்ணெயிட்டு மீண்டும் பூட்டி, ஓட்டத்தைச் சீர்செய்வது. மேலோட்டமாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினாலும் கடிகாரம் சில மாதங்கள் ஓடத்தான் செய்யும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, அணிந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு நேர்ந்ததும் அதுவே. பெரியவர் பின்னொரு நாள் என் முன்னிலையில் பின்மூடியைத் திறந்தார். கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு அளக்கும் சிறு கருவியின் மேல் வைத்தபோது, சமநிலைச் சக்கரத்தின் வீச்சு 190 பாகை என்று காட்டியது. முழுதாகச் சாவி கொடுத்த நிலையில் அது 250-க்கு மேல் இருப்பதே நலம் என்றார். தாங்கிகளில் பழைய எண்ணெய் பழுப்பேறிக் கிடந்ததைக் கண்ணாடி வழியே காட்டினார். அதாவது, 9,000 ரூபாய் வாங்கியவர்கள் உள்ளே கழுவவேயில்லை. ஆனால் வெளியே நிறைய வேலை செய்திருந்தார்கள். உறையின் கூரிய விளிம்புகளைத் தேய்த்து மழுக்கியிருந்தார்கள், டயலுக்குப் புதிதாக வண்ணம் பூசி எழுத்துகளை அச்சிட்டிருந்தார்கள், சாவிக்குமிழை மாற்றியிருந்தார்கள். எந்த வேலையைக் கண்டு நான் மகிழ்ந்தேனோ, அதுவே கடிகாரத்துக்கு நேர்ந்த சேதம். டயலை மீட்க முடியுமா என்று கேட்டேன். "அது போனது போனதுதான் சார்" என்றார்.

பின்மூடியின் உட்புறத்தில் இன்னொன்றையும் காட்டினார். மிக நுண்ணிய இரண்டு கீறல்கள். ஒன்றில் 1974, மற்றொன்றில் 1989, பக்கத்தில் ஏதோ குறியீடுகள். சர்வீஸ் செய்தவர்கள் தேதியையும் தம் அடையாளத்தையும் ஊசியால் கீறி வைப்பது உலகெங்கும் இத்தொழிலில் உள்ள பழக்கம். அடுத்து திறக்கப்போகும் முகமறியாத ஒருவருக்கு எழுதப்படும் குறிப்பு அது. மூன்றாண்டுகளுக்கு முன்பு கடிகாரத்தைத் திறந்தவர்கள் அங்கே எதையும் எழுதவில்லை.

அவ்வாறெனில், நம்பகமானவரை எவ்வாறு அடையாளம் காண்பது? 'முதலில் ஒரு விலை குறைந்த கடிகாரத்தைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்' என்று நண்பர்கள் சொல்வார்கள். இது பாதிதான் சரி. எச்.எம்.டி. ஜனதாவைக் கொடுத்துப் பார்த்தால் ஒருவரின் கைத்திறன் தெரியும், நேர்மை தெரியாது. ஏனெனில், அதில் ஏமாற்றிப் பெறக்கூடிய ஆதாயம் சொற்பம். விலை உயர்ந்த கடிகாரத்தின் அசல் உறுப்பைக் கழற்றி விற்றால் கிடைக்கும் ஆதாயம் வேறு. சிறிய சபலத்தை வென்றவர் பெரிய சபலத்தையும் வெல்வார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நேர்மைக்கான உண்மையான அடையாளம், தமக்கு வரவேண்டிய வருவாயைத் தாமே குறைத்துக்கொள்ளும் சொல். 'இதற்கு இப்போது சர்வீஸ் தேவையில்லை', 'இந்த உறுப்பு என்னிடம் இல்லை', 'இந்த வேலை எனக்குத் தெரியாது' என்று சொல்பவரை நம்பலாம். எல்லாவற்றுக்கும் 'முடியும்' என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். ஒரே தெருவில் இருபது, முப்பது ஆண்டுகளாக அமர்ந்திருப்பவருக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. அவருடைய முதலீடு கடையின் அலங்காரம் அன்று, அவருடைய பெயர்தான். அதை இழந்தால் அவர் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

இதனுடன் நாம் கடைப்பிடிக்க வேண்டிய சில நடைமுறைகளும் உள்ளன. பின்மூடியை நம் எதிரிலேயே திறக்கச் சொல்லி, உள்ளிருக்கும் இயந்திரத்தையும் அதன் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு ரசீது பெற வேண்டும். சர்வீசுக்கு முன்பும் பின்பும் கருவி காட்டும் அளவுகளைக் கேட்க வேண்டும். மாற்றப்படும் ஒவ்வொரு பழைய உறுப்பையும் திருப்பித் தருமாறு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உறையைத் தேய்க்கவோ டயலைத் தொடவோ கூடாது என்று எழுதித் தர வேண்டும். நிறுவனங்களின் அதிகாரபூர்வ சேவை மையங்களிலும் இதைச் சொல்வது நல்லது. கடிகாரத்தைப் புதிதாக்குவது அவர்களின் நோக்கம், பழமையைக் காப்பது நம் நோக்கம்.

துல்லியத்தைப் பற்றியும் அளவான எதிர்பார்ப்பு வேண்டும். நாளொன்றுக்கு 86,400 நொடிகள். அறுபது வயதான ஓர் இயந்திரம் நாளுக்கு 20 நொடிகள் பிசகினால், அது 99.97 விழுக்காட்டுக்கும் மேலான துல்லியம். அதற்குமேல் வாக்குறுதி தருபவரையும், பழைய கடிகாரம் தண்ணீரைத் தாங்கும் என்பவரையும் நம்ப வேண்டியதில்லை.

ஆனால், நம்பகமானவரைத் தேடிக் கண்டுபிடிப்பது மட்டுமே சிக்கல் அன்று. அத்தகையவர்களின் எண்ணிக்கையே குறைந்துவருகிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற இலக்கை அறிவித்தது. அந்தக் காலகட்டத்தின் கொள்கைப்படி வளர்க்கப்பட்ட பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்றான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அந்நாளில் கடிகாரம் என்பது வாழ்நாள் சொத்து. அம்பத்தூர், பாடி, ஆவடி ஆலைத் தொழிலாளர்கள் கையில் கட்டிய கடிகாரத்தைச் சார்ந்தே தெருவுக்கொரு பழுதுபார்ப்பவர் பிழைத்தார்.

1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970-இல் சுமார் 90,000 பேருக்கு வேலை தந்த சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில், 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேருக்குச் சுருங்கியது. இந்தியாவில் 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், ஒசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பரப்பியது. எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. குவார்ட்ஸுக்கு மின்கலம் மாற்றினால் போதும். கைத்தொழில் கற்க யாரும் வரவில்லை.

எஞ்சியிருப்பவர்களுக்கு இன்னொரு தடை, உதிரிபாகம். பெரும் நிறுவனங்கள் பல, தம் அங்கீகாரம் பெறாதவர்களுக்கு உதிரிபாகம் விற்பதில்லை. ஐரோப்பாவில் கடிகாரப் பழுதுபார்ப்போர் கூட்டமைப்பு 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் இதை எதிர்த்து முறையிட்டது. நீண்ட வழக்குக்குப் பின், 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த முறையீட்டை நிராகரித்த ஆணையத்தின் முடிவையே உறுதிசெய்தது. இந்தியாவில் கார் உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் விற்காததற்காக 14 கார் நிறுவனங்களுக்குப் போட்டி ஆணையம் 2014-இல் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியபோது வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

கைக்கடிகாரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது குறித்து அரசு சிந்திக்கலாம். ஒசூரில் கடிகார ஆலையே உள்ள தமிழ்நாட்டில், அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் இயந்திரக் கடிகாரப் பழுதுபார்ப்பை ஒரு குறுகியகாலப் பயிற்சியாகவேனும் நடத்தி, அனுபவமிக்க மூத்த தொழிலாளர்களையே ஆசிரியர்களாக அமர்த்தலாம். தேர்ச்சி பெற்றவருக்குச் சான்றிதழ் கிடைத்தால், அகர்லாஃப் சொன்ன தகவல் இடைவெளியும் ஓரளவு குறையும். குடும்பங்களின் அலமாரிகளில் உறங்கும் கடிகாரங்கள் அவர்களுக்கு வேலை கொடுக்கும்.

வாடிக்கையாளராகிய நமக்கும் பொறுப்பு உண்டு. மின்னும் கடைக்கு 9,000 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்த நான், பெரியவர் முழு சர்வீசுக்கு 1,800 ரூபாய் என்றபோது ஒரு நொடி தயங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்மையான வேலைக்கு உரிய விலையைத் தராத சந்தையில் நேர்மையானவர்கள் நிலைக்க மாட்டார்கள். அதைத்தான் நான் முப்பத்தோராண்டுகள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடிகாரத்தைப் பெறச் சென்றபோது, தேய்ந்த பழைய மெயின் ஸ்பிரிங்கை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். கருவி 265 பாகை காட்டியது. பின்மூடியைத் திறந்து, தாம் இட்ட மூன்றாவது கீறலைக் காட்டினார். அவருக்கு வயது எழுபத்திரண்டு. மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். "எனக்கப்புறம் இந்தப் பெட்டியில யாரும் உட்கார மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடிகாரத்தைக் கையில் எடுத்தார். ஐந்தாறு ஆண்டுகளில் என் கடிகாரம் மீண்டும் எண்ணெய் கேட்கும். நான்காவது கீறலை இடுவதற்கு அப்போது ஒருவர் இருக்க வேண்டும்.