மாரத்தானுக்கு ஆயத்தமாகும் தம்பதி: வழிமறிக்கும் தில்லிக் காற்று

புது தில்லி: தலைநகரில் முழு மாரத்தான் ஓட விரும்புவோருக்குப் பிப்ரவரிக் கடைசியில்தான் வாய்ப்பு. ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கிலிருந்து புறப்படும் புது தில்லி மாரத்தானின் தூரம் 42.195 கி.மீ. அதற்குள் கடுங்குளிர் தணிந்துவிடும். காற்றும் ஓரளவு தெளிந்திருக்கும். சிக்கல் எல்லாம் அதற்கு முந்தைய 16 வாரங்களில்தான். பயிற்சியை நவம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்தாக வேண்டும். பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரிக்கப்படும் பயிர்க் கழிவின் புகையும் நகரின் வாகனப் புகையும் காற்று அசையாத இரவுகளும் ஒன்றுசேரும் காலம் அது.

தெற்கு தில்லியில் வசிக்கும் நடுத்தர வயதுத் தம்பதி இப்பயிற்சியில் இறங்கியுள்ளனர். கணவர் மத்திய அரசு ஊழியர். மனைவி பள்ளி ஆசிரியை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஓடினால்தான் இருவருக்கும் நேரம் உண்டு. ஆனால் தரையையொட்டிய குளிர்காற்றின்மீது வெப்பக்காற்று மூடிபோல் கவிவதால், இரவெல்லாம் சேர்ந்த மாசு கலையாமல் நிற்கும் வேளையும் அதுவே.

எழுந்தவுடன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைப் பார்க்கின்றனர். காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் வெளியே ஓடுவதில்லை என்பது மனைவியின் கட்சி. அப்படியானால் நவம்பர், டிசம்பரில் ஓடவே இயலாது, 300 வரை போகலாம் என்பது கணவரின் வாதம். அதற்கு மேல் போனால் உடற்பயிற்சிக் கூடத்தின் டிரெட்மில்தான் கதி. ஆனால், ஞாயிற்றுக்கிழமைக்கான 30 கி.மீ. ஓட்டத்தை நின்ற இடத்திலேயே ஓடி முடிக்கும் பொறுமை எவருக்கு வரும்?

மனைவியின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் உடல், ஓடும்போது அதைப்போல் பத்து மடங்கை இழுக்கிறது. பெரும்பாலும் வாய் வழியே இழுப்பதால் மூக்கின் வடிகட்டலும் இல்லை. பி.எம். 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக இந்தியா அனுமதிக்கும் அளவு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்போ 15. மேலும், 2025 நவம்பரில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைத் தள்ளிவைக்கப் பரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றம் கூறியதும், காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அவ்வாறே அறிவுறுத்தியது. பகலில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டு, விடியலில் தான் மட்டும் ஓடுவது எப்படிச் சரி என்று அவர் கேட்கிறார்.

2017-இல் அரை மாரத்தானைத் தள்ளிவைக்குமாறு இந்திய மருத்துவச் சங்கம் வலியுறுத்தியும், நவம்பர் 19-இல் அது நடந்தேறியது. அடுத்த ஆண்டு அக்டோபருக்கு மாற்றப்பட்டது. அண்மை ஆண்டுகளிலும் அக்டோபரில்தான் நடைபெறுகிறது. பந்தயத்தின் தேதியை மாற்றலாம். இத்தம்பதி ஓடும் சாலைகளைப் பெருக்குவோருக்கும் வாயிற்காவலர்களுக்கும் அந்த வசதி கிடையாது.

நாடாளுமன்றத்தின் அக்கறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 நவம்பர் 15-ஆம் தேதி, காற்று மாசு குறித்து விவாதிக்கவிருந்த நகர்ப்புற வளர்ச்சி நிலைக்குழுக் கூட்டத்துக்கு நான்கு உறுப்பினர்களே வந்ததால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து மக்களவையில் 193-ஆவது விதியின்கீழ் விவாதம் தொடங்கியது. மேலாண்மை ஆணையத்துக்கான சட்டம் 2021 ஆகஸ்டில் நிறைவேறியது. அவசரச் சட்டத்தில் இருந்த தண்டனைப் பிரிவிலிருந்து விவசாயிகளுக்கு விலக்கும் தரப்பட்டது. அது நியாயமே. ஆனால் சட்டம் வந்த பிறகும் நவம்பர் மாதக் குறியீடு 400-ஐத் தாண்டுவது நின்றபாடில்லை.

இதற்கிடையே ஆசிரியை தம் பதிவை அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். 21 கி.மீ.க்கான பயிற்சியை டிசம்பர் கடைசியில் தொடங்கினால் போதும் என்பது அவர் கணக்கு. கணவர் இன்னும் 42-ஐ விடவில்லை.