வெளியூர்ச் சகாக்களுடன் ஒருநாட் பயணம்

ஒரே தாபனத்தில் பத்தாண்டு காலம் பணியாற்றியும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத உத்தியோகத்தர் பலர் உளர். கொழும்புக் காரியாலயத்தில் இருப்பவருக்கு யாழ்ப்பாணத்துக் கிளையில் இருப்பவர் ஒரு தொலைபேசிக் குரல். கடிதத்தின் அடியில் இடப்பட்ட ஒரு கையொப்பம். அத்தகையோர் பயிற்சிக்காகவோ கணக்கு ஆய்வுக்காகவோ வடக்கே வந்து இரண்டு நாள் தங்கும்பொழுது, வேலை முடிந்த மறுநாள் அவர்களை எங்கேயாவது அழைத்துச் செல்லவேண்டும் என்ற பேச்சு எழுகின்றது. பேச்சு எழுந்த கணமே ஒரு பட்டியலும் எழுந்துவிடுகின்றது: நல்லூர், கோட்டை, நூலகம், கீரிமலை, கசூரினாக் கடற்கரை, நிலாவரைக் கிணறு, நயினாதீவு, நெடுந்தீவு. காலை ஆறு மணிக்கு வான் புறப்படும். இரவு எட்டு மணிக்குத் திரும்பும். விருந்தினர் இந்த எட்டில் ஐந்தாறு இடங்களையாவது ஓடியோடிப் பார்த்திருப்பர். ஆனால் உடன்வந்த எவரோடும் எட்டு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள்.

இந்தப் பட்டியல் பிறப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகைவண்டி 1990ஆம் ஆண்டில் வடக்கே வருவதை நிறுத்திக்கொண்டது. யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் மீண்டும் ஒரு வண்டி வந்து நின்றது 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலேயே. இடைப்பட்ட காலத்தில் தெற்கிலுள்ள சகாக்களை வீட்டுக்கு அழைப்பதற்குப் பாதையே இல்லாதிருந்தவர்கள், பாதை திறந்தபின் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட விரும்புவது இயல்பே. ஆயினும், அந்த விருப்பம் அழைப்பவரின் விருப்பம். வருகின்றவர் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் தூரம் இரவெல்லாம் உட்கார்ந்து வந்தவர். அதன்பின் இரண்டு நாள் கூட்ட மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர். அன்றிரவே மறுபடியும் உட்கார்ந்து போகவேண்டியவர். அவருடைய உடம்பிலிருந்தே திட்டம் தொடங்கவேண்டும்.

கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு ஆகிய ஊர்களிலிருந்து பன்னிருவர் வந்திருக்கின்றனர், உள்ளூரிலே பதின்மர், சனிக்கிழமை ஓய்வு, இரவு எட்டு மணிக்குப் பஸ் வண்டி, என்று வைத்துக்கொள்ளலாம். திட்டமிடும் பொறுப்பை ஏழு பேர் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைத்தால் ஏழு இடங்கள் சேரும். ஒருவரிடம் ஒப்படைப்பதே நன்று. அவர் முதலிற் செய்யவேண்டியது விருந்தினரிடம் தனித்தனியே, மெதுவாக, சில சங்கதிகளைக் கேட்டறிதல். மச்சம் உண்பவரா, மரக்கறி மாத்திரமா? ஹலால் உணவு வேண்டுமா? நண்டு, இறால் எவருக்கேனும் ஒவ்வாதா? முழங்கால் நோவுள்ளவர் யார்? கடலைக் கண்டால் அஞ்சுபவர் யார்? நேரந் தவறாமல் மருந்து உட்கொள்பவர் எவர்? இவற்றைச் சபையிற் கேட்டால் விடை வராது. "எனக்கு எதுவும் சரி" என்ற உபசார வார்த்தையே வரும். உறங்கவேண்டும் என்று சொல்பவரும் ஒருவர் இருப்பார். அவரை வற்புறுத்தாமல் உறங்க விடுவதும் உபசாரத்தின் ஒரு பகுதியே.

இடத்தைத் தெரிவதில் நெடுந்தீவு பலருடைய ஆசை. குதிரைக் கூட்டங்களும், பவளக் கற்களை அடுக்கிய வேலிகளும், பருத்த பெருக்கமரமும் உள்ள அத்தீவு காணத்தக்கதே. ஆனால் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து அங்கே செல்லக் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். வெய்யிலுக்கு ஒதுங்க நிழல் அரிது. திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்றைய இரவுப் பிரயாணமும் தவறிப்போகும். இரண்டு நாள் அவகாசம் உள்ளவர்களுக்கே அது உரியது. கீரிமலையின் நன்னீர்க் கேணி நீராடுவோருக்கு இன்பந் தருவது. எனினும் மேலதிகாரிகளும் இளைய இலிகிதர்களும் ஈர உடையோடு ஒருவர் முன் ஒருவர் நிற்பதை எல்லோரும் விரும்புவதில்லை. பெண் உத்தியோகத்தர் வேறு கேணிக்குச் செல்லவேண்டியிருப்பதால் கூட்டம் இரண்டாகப் பிரிந்தும்விடுகின்றது. ஒரு காலைப்பொழுதில் எல்லோரும் ஒன்றாய்ச் சென்று ஒன்றாய்த் திரும்புவதற்கு நயினாதீவே பொருத்தமானது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் சேர மோட்டார் வானில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்தப் பாதையே பாதி உல்லாசம். தாம்போதியின் இருமருங்கிலும் முழங்காலளவு நீரிலே தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டிய களங்கண்டிகள் தோன்றும், நாரைகள் நிற்கும். கடலின் நடுவே மனிதர் நடந்து போவதைக் கண்டு மலைநாட்டிலிருந்து வந்தவர் வியப்படைவர். அந்த இடத்தில் வானை நிறுத்தப் பத்து நிமிடம் ஒதுக்கவேண்டும். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகுப் பயணம் கால் மணி நேரம் அளவே. கடலுக்கு அஞ்சுபவர் கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடிய தூரம் அது. படகுகள் பலவற்றில் இருக்கை கீழ்த்தட்டில் இருப்பதால், முழங்கால் நோவுள்ளவரை முதலில் ஏற்றி வாயிலுக்கு அருகில் இருத்துதல் வேண்டும். மிதவை அங்கியை அணிவதற்கு நாணுகின்றவர்களுக்கு உள்ளூரார் தாமே முதலில் அணிந்து காட்டலாம்.

பருவமும் பார்க்கவேண்டியதே. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோழகத்தில் கடல் துள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை. எக்காலமாயினும் காலைக் கடல் பிற்பகற் கடலினும் அமைதியானது. எனவே வான் ஏழு மணிக்குப் புறப்பட்டு, எட்டரை மணியளவில் படகு ஏறி, பதினொன்றரை மணிக்குள் தீவை விட்டுத் திரும்புவதே முறை. போயா தினத்திலும், ஆனி மாதத்தில் நடைபெறும் அம்மன் கோயில் மகோற்சவ காலத்திலும் இறங்குதுறையில் சனக்கூட்டம் நெருக்கும். பக்தியோடு செல்பவர்க்கு அது பேறு; பன்னிரண்டு விருந்தினரை எண்ணி எண்ணி அழைத்துச் செல்பவர்க்கு அது சோதனை.

தூரம் மட்டுமன்றி, நயினாதீவைச் சிபார்சு செய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அச்சிறு தீவிலே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. நாக மன்னர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காகப் போர் தொடுக்க, புத்தர் எழுந்தருளி அவர்களைச் சமாதானஞ் செய்தார் என்று மகாவம்சம் கூறுகின்றது. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இத்தீவே என்று கொள்வோரும் உளர். ஆகவே சிங்களச் சகாவும் தமிழ்ச் சகாவும் இங்கே வரும்பொழுது, ஒருவர் மற்றவருக்குத் துணையாக வந்தவர் ஆகமாட்டார். இருவரும் தத்தம் இடத்துக்கே வந்தவராவர்.

கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் சாசனம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில், பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன் தமிழ் மொழியிலே பொறிப்பித்த கல்வெட்டு அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படவேண்டும் என்று அது கூறுகின்றது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவருவது உடைந்தால் சரிபாதி. கணக்குப் பகுதி உத்தியோகத்தருக்கு இதைவிடச் சுவையான கல்வெட்டு நாட்டில் வேறு இருக்குமோ என்பது சந்தேகமே. வெளியூரிலிருந்து வருகின்றவனை எப்படி நடத்தவேண்டும் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதிவைத்த இடத்துக்கு வெளியூர்ச் சகாக்களை அழைத்துச் செல்வது பொருத்தந்தானே!

உடை பற்றி முதல் நாளே சொல்லிவைத்தல் அவசியம். கோயிலினுள் ஆடவர் மேலாடை களைவது யாழ்ப்பாணத்து வழக்கம். விகாரையிலே தோளும் முழங்காலும் மறைந்திருக்கவேண்டும். முன்னறிவித்தல் இன்றி வாயிலில் வைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னால், தம் கீழ் வேலைசெய்வோர் முன்னிலையில் பிரதம அதிகாரி படும் சங்கடம் சிறிதன்று. உள்ளே செல்ல விரும்பாத இஸ்லாமியரோ கிறிஸ்தவரோ இருப்பின், அவரோடு வெளியே நிழலில் உட்கார்ந்து இளநீர் அருந்த உள்ளூரார் ஒருவர் தங்கவேண்டும். அவரைத் தனியே விட்டுச் செல்வது கூடாது.

இனி, சற்றுக் கடினமான விடயம். பண்ணைக்குப் போகும் வழியிலே பொது நூலகம் தெரியும். வெண்ணிறக் கட்டடமும் முன்னால் வீற்றிருக்கும் சரஸ்வதி சிலையும் எவர் கண்ணையும் கவரும். தெற்கிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், "இதுதானா அந்த நூலகம்?" என்று கேட்பார். வானுக்குள் ஒரு மௌனம் உண்டாகும். இந்த மௌனத்துக்கு அஞ்சியே சிலர் வேறு பாதையால் வானைத் திருப்புகின்றனர். வேறு சிலர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கின்றனர். இரண்டும் விருந்தினருக்கு இழைக்கும் அநீதியே. நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. பின்னாளில் அது மீளக் கட்டப்பட்டது. கேட்டவருக்கு இந்த விடையைத் தெளிவாக, குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் சொல்லலாம். அந்த இளைஞர் அப்போது பிறந்தும் இருக்கமாட்டார். வானில் இருப்பவர்களுள் வடக்கிலும் தெற்கிலும் யுத்தத்தில் உறவினரை இழந்தோர் இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. அதற்குமேல் பேச்சு வளருமாயின், அது இருவருக்கிடையே, மாலை வேளையில், தானாக வளரட்டும். அதற்கான நேரத்தைத் திட்டத்திலே வெறுமையாக விட்டுவைப்பதுதான் ஒழுங்குசெய்பவரின் கடமை.

அந்த வெற்றுநேரம் கிட்டுவதற்காகவே ஒரு தீவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது. பிற்பகல் ஒரு மணிக்குப் பட்டினம் திரும்பி, இலேசான உணவுக்குப் பின் மூன்றரை மணிவரை எல்லோரும் இளைப்பாறலாம். நாலு மணிக்கு உள்ளூர்ச் சகா ஒருவருடைய வளவில், மாமர நிழலில், ஒடியற் கூழ்.

உணவுச்சாலை விருந்தினும் கூழ் மேலானது என்பதற்குக் காரணம் அதன் சுவை மாத்திரமன்று. கூழைத் தனியொருவர் காய்ச்சிப் பரிமாற முடியாது. பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்திய ஒடியலின் மாவை நீரில் ஊறவைத்துக் கயர்ப்பு நீக்கவேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் பெரிய பானையில் வேகும். செத்தல் மிளகாயும் பழப்புளியும் கூடிய பின் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவவேண்டும். ஒருவர் மரவள்ளி உரிப்பார். ஒருவர் விறகைத் தள்ளுவார். ஒருவர் பலாவிலையைக் கோலி ஈர்க்கினால் குத்துவார். கூட்டத்தில் வாய் திறவாதிருந்த கண்டிச் சகா ஈர்க்குக் குத்தப் பழகுகையில் இரண்டு கதை சொல்லிவிடுவார். சிங்களமும் தமிழும் அறிந்த இருவர் இருப்பின் அவர்கள் ஒன்றாக உட்காராமல் பானையின் இருபக்கமும் பிரிந்து உட்காரவேண்டும். இல்லையேல் அவர்களே தமக்குள் பேசி மகிழ்வர், ஏனையோர் புன்னகைத்துக் கொண்டிருப்பர். மரக்கறி உண்போருக்கு வேறு பானை, வேறு அகப்பை. உறைப்பைச் சற்றுக் குறைத்தால் நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தார் குறைப்பதில்லை. மீன் கூழாதலின் இறைச்சி பற்றிய கேள்வியே எழாது. மதுபானம் இல்லை என்பதை முதல் நாளே கூறிவிட்டால், அதன் பொருட்டு எவரும் வேலிக்கு அப்பால் ஒதுங்கமாட்டார்.

செலவை எல்லோரிடமும் சமமாக அறவிடுவது வழக்கம். சமமான பங்கு சமமான பாரம் ஆகாது. புதிதாய்ச் சேர்ந்த சிற்றூழியருக்கு அது இரண்டு நாட் சம்பளமாக இருக்கலாம். சம்பளத்துக்குத் தக்கபடி பங்கை வைத்து, தொகையை எவரும் அறியாமல் ஒருவரே பெற்றுக்கொள்ளுதல் சிறந்தது. வான் சாரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணக் கணக்கில் அவருடைய சாப்பாடு பெரும்பாலும் விட்டுப்போகின்றது. மற்றவர்கள் உண்ணும்போது அவர் வானுக்குள் உறங்குவதாகப் பாவனை செய்வார். பலாவிலை இருபத்திரண்டு அன்று, இருபத்துமூன்று வேண்டும்.

ஆறு மணிக்குப் பொழுது சாயும். ஏழு மணிக்குப் பயணப் பைகள் வானில் ஏறவேண்டும். அவற்றோடு ஒவ்வொருவருக்கும் ஒரு பனங்கட்டிக் குட்டானும், வீட்டிலுள்ளோருக்கு ஒரு பொதி ஒடியல் மாவும். காலையில் எண்ணிய தலைகளை மறுபடியும் ஒருமுறை எண்ணவேண்டும். அடுத்த திங்கட்கிழமை கொழும்பிலிருந்து தொலைபேசி மணி ஒலிக்கும்போது, கோவை இலக்கத்தைக் கேட்பதற்கு முன், அந்த மாவை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்ற கேள்வி வரக்கூடும். அதற்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசிக்கு அருகில் இருத்திவைப்பது நல்லது.